வாட்டர் பம்பை மாற்றினால் மிச்சம் எவ்வளவு?

2004-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் என்52 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வெளியிட்டபோது, எல்லோரும் அதன் உடம்பைப் பற்றித்தான் பேசினார்கள். உள்ளே அலுமினியம், அதைச் சுற்றி மெக்னீசியம் என்று வார்த்தெடுத்த அந்த எஞ்சின் பிளாக் அன்றைக்குப் பெரிய வித்தை. அந்தச் சத்தத்தில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு மாற்றமும் அதில் இருந்தது. அதன் வாட்டர் பம்புக்கு பெல்ட் கிடையாது. பியர்பர்க் நிறுவனம் செய்து கொடுத்த மின்சார பம்ப், எஞ்சினின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், கம்ப்யூட்டர் சொன்ன வேகத்தில் சுற்றியது. நிறுவனம் கொடுத்த கணக்கு எளிமையானது: வழக்கமான பெல்ட் பம்ப் 2 கிலோவாட் வரை இழுக்கும், இதற்கு 200 வாட் போதும்.

பத்தில் ஒரு பங்கு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பெல்ட் பம்பைச் செயலிழக்கச் செய்துவிட்டு மின்சார பம்ப் பொருத்திக்கொள்ளும் கிட்டுகளும் இதே மாதிரி கணக்கைச் சொல்லித்தான் விற்கின்றன. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க், அமெரிக்காவின் மெசியர் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. பம்ப், கண்ட்ரோலர், ஹோஸ், கிளாம்ப் எல்லாம் சேர்த்தால் சில நூறு டாலர் ஆகும். கைக்கு வரும் பலனாகச் சொல்லப்படுபவை மூன்று: சக்தி கூடும், மைலேஜ் ஏறும், டிராஃபிக்கில் எஞ்சின் சூடேறாது.

இதில் எது எவ்வளவு உண்மை என்று பார்க்க, அந்த 2 கிலோவாட் எந்த நேரத்துக் கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை கூலன்ட்தான் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போக வேண்டும். அதைத் தள்ளிவிடுவது வாட்டர் பம்பின் வேலை. பம்பே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு வண்டிகளுக்குத்தான் பம்ப் இருந்தது. அதன் பிறகு ஃபோர்டு அதைத் தூக்கிவிட்டு, சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கையின் போக்கிலேயே விட்டுவிட்டார். 20 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. எஞ்சின்கள் பெருத்தபோது பம்ப் திரும்பி வந்தது. வரும்போது, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் கிராங்க் ஷாஃப்டில் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தது. மின்சாரத்தில் ஓட்ட அன்றைக்கு வசதியும் இல்லை.

பெல்ட்டின் சிக்கல், அதற்கு எஞ்சினின் வேகம் மட்டும்தான் தெரியும், சூடு தெரியாது. மலைப்பாதையில் இரண்டாவது கியரில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஏறும் வண்டியில் சூடு உச்சத்தில் இருக்கும். எஞ்சின் சுற்றோ குறைவு. அந்த நேரத்திலும் போதுமான நீர் ஓட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத்தான் பம்பின் அளவைத் தீர்மானிப்பார்கள். அப்படித் தீர்மானித்த பம்ப், எஞ்சின் ஆறாயிரம் ஏழாயிரம் சுற்றில் அலறும்போது தேவைக்கு மேல் பல மடங்கு நீரைச் சுழற்றும். வீண்செலவு அங்கேதான்.

ஆனால் அந்த வீண்செலவு எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இல்லை. இம்பெல்லர் வைத்துச் சுற்றும் எந்த பம்புக்கும் ஒரு விதி உண்டு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் நீரோட்டம் இரட்டிப்பாகும். அழுத்தம் நான்கு மடங்காகும். இழுக்கும் சக்தி எட்டு மடங்காகும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்பச் சக்தி ஏறுகிறது என்பதால், வேகம் குறையும்போதும் அதே அளவில் சரிகிறது. என்52 எஞ்சினின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 7,000 சுற்று. பிஎம்டபிள்யூ சொன்ன 2 கிலோவாட்டை அந்த உச்சத்துக்கான கணக்காக எடுத்துக்கொள்வோம். 3,500 சுற்றில் அது 250 வாட்டாக இறங்கிவிடும். 2,000 சுற்றில் 50 வாட்டுக்கும் கீழே. வண்டி சிக்னலில் நின்று 700 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது பத்தில் ஒரு பங்கு வேகம், ஆயிரத்தில் ஒரு பங்கு சக்தி: வெறும் 2 வாட். சீலும் பேரிங்கும் உரசுவதற்கு இன்னும் சில வாட் சேர்த்துக்கொள்ளலாம். ஊருக்குள் ஓடும் காரின் வாழ்நாளில் எத்தனை நிமிடம் முள் 6,000-ஐத் தாண்டும் என்று யோசித்துப் பார்த்தால், அந்த 2 கிலோவாட் அநேகமாக யாருமே செலவழிக்காத 2 கிலோவாட் என்பது விளங்கும்.

மின்சார பம்புக்கான மின்சாரமும் சும்மா வருவதில்லை. அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதும் அதே எஞ்சின், அதே பெல்ட். சாதாரணக் காரின் ஆல்டர்னேட்டர், தான் வாங்கும் சக்தியில் அறுபது சதவீதத்தைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. பம்பின் மோட்டாரிலும் கொஞ்சம் கழியும். ஆக, மின்சார பம்ப் 30 வாட்டில் மெதுவாக ஓடினால்கூட எஞ்சினிடமிருந்து 50 வாட் போகிறது. 2,000 சுற்றில் பெல்ட் பம்ப் எவ்வளவு இழுத்தது? ஏறக்குறைய அதே 50 வாட்தான். நகர ஓட்டத்தில் இரண்டும் சமம். சில நேரம் பெல்ட்டே மேல்.

நெடுஞ்சாலையில் நிலைமை கொஞ்சம் மாறும். 3,000 சுற்றில் சீராகப் போகும்போது பெல்ட் பம்ப் 160 வாட் இழுக்கும். மின்சார பம்ப் 50 வாட்டில் வேலையை முடித்தால், ஆல்டர்னேட்டர் கழிவையும் சேர்த்து எஞ்சினுக்கு 80 வாட் செலவு. மிச்சம் 80 வாட். அந்த வேகத்தில் காரை நகர்த்த எஞ்சின் தரும் சக்தி 18 அல்லது 20 கிலோவாட். அரை சதவீதம்கூட இல்லை. ஆண்டுக்கு 600 லிட்டர் பெட்ரோல் போடுகிறவர் முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓட்டினாலும் மிச்சப்படுவது இரண்டு, மூன்று லிட்டர். கிட் வாங்கிய காசு திரும்ப வருவதற்குள் கார் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

அப்படியென்றால் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கூடியது என்று, சக்தியை அளக்கும் டைனோ மெஷின் அச்சடித்துத் தரும் தாள்கள் எல்லாம் பொய்யா? பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் பம்பின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய அமெரிக்க வி8 வண்டிகளிலும், நம்மூர் அம்பாசடரிலும், ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்பின் ஷாஃப்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பம்பைக் கழற்றினால் ஃபேனும் கூடவே போய்விடும். அந்த இடத்துக்கு மின்சார ஃபேன் வரும். நாலைந்து இறக்கையுள்ள பெரிய ஃபேன் காற்றைக் கிழித்துக்கொண்டு உயர் சுற்றில் இழுக்கும் சக்தி, பம்ப் இழுப்பதைவிட மிக அதிகம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவர் மொத்தப் பெருமையையும் பம்புக்குக் கொடுத்துவிடுகிறார். எஞ்சின் குறுக்கே அமர்ந்த முன்சக்கர இயக்கக் கார்கள் பரவலானதும் ஃபேன் பெரும்பாலும் மின்சாரத்துக்கு மாறிவிட்டது. இன்றைய சாதாரண ஹேட்ச்பேக்கில் அந்த லாபத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டாயிற்று.

என்52-ஐயே எடுத்துக்கொண்டால், 630ஐ காரில் அது கொடுத்தது 190 கிலோவாட். உச்ச சுற்றில் 2 கிலோவாட்டை முழுதாக மிச்சம் பிடித்தாலும் நூற்றில் ஒரு பங்குதான்.

இவ்வளவு அற்பமான லாபத்துக்காக பிஎம்டபிள்யூ ஏன் இதைச் செய்தது, பிறகும் ஏன் தொடர்ந்தது? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. இரண்டுமே தனி ஆளுக்குப் பொருந்தாதவை. ஐரோப்பாவில் கார்களின் மைலேஜை அளக்க அப்போது இருந்த அரசுச் சோதனை 1,180 விநாடி நீளம், 11 கிலோமீட்டர் தூரம். எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் அது தொடங்கும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு அதிகம், பெட்ரோலும் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். மின்சார பம்ப் இருந்தால் முதல் சில நிமிடங்கள் நீரை ஓடவிடாமலே நிறுத்திவைக்கலாம். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் சீக்கிரம் சூடாகும். இருபது நிமிடச் சோதனையில் முதல் ஐந்து நிமிடம் மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம். சூடான பிறகும், நிதானமாக ஓட்டுகிறவருக்கு நீரை 105 டிகிரிக்கு மேலேயே வைத்து ஆயிலை இளக்கி உராய்வைக் குறைக்கலாம். காலை அழுத்தி மிதிப்பவருக்கு 95-க்குக் கீழே இறக்கி எஞ்சினைக் காக்கலாம். பெல்ட் பம்பால் இந்த நாசூக்கு முடியாது.

இன்னொன்று, சில ஆண்டுகள் கழித்து வந்த அபராதம். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு கார் நிறுவனத்துக்கும் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு வரம்பு வைத்தது. 2015-க்கான பொது இலக்கு கிலோமீட்டருக்கு 130 கிராம். வரம்பைத் தாண்டும் கிராமுக்கு, விற்ற காருக்குத் தலா 95 யூரோ வரை கட்ட வேண்டும். அரை சதவீதம் என்பது ஏறக்குறைய 0.65 கிராம், ஒரு காருக்கு 60 யூரோ மாதிரி. லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்கு அது பெரும் பணம். அதே அரை சதவீதம் காரின் சொந்தக்காரர் கையில் வரும்போது ஆண்டுக்கு மூன்று லிட்டர் பெட்ரோலாகச் சுருங்கிவிடுகிறது.

டொயோட்டா வேறு அவசியத்தால் இந்தப் பாதைக்கு வந்தது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரையஸில் 1.8 லிட்டர் எஞ்சின், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நின்றுவிடும். எஞ்சின் நின்றால் பெல்ட் நிற்கும். குளிர்நாட்டில் காருக்குள் ஹீட்டருக்கு வெந்நீர் ஓடாது. ஏசி கம்ப்ரஸரும் ஸ்டியரிங்கும் ஏற்கெனவே மின்சாரத்தில். வாட்டர் பம்பும் மாறியதும் அந்த எஞ்சினில் துணைக் கருவிகளுக்கான பெல்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஹைபிரிட் காரில் மின்சார பம்ப் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

பந்தயக்காரர்கள் வேறு ஜாதி. டிராக் ரேஸ் என்பது 402 மீட்டர் ஓட்டம். சில விநாடிகளில் முடிந்துவிடும். ஓட்டம் முழுக்க எஞ்சின் உச்ச சுற்றில் இருக்கும் என்பதால் மும்மடி விதி அங்கே முழு வேகத்தில் வேலை செய்கிறது. ஒவ்வொரு குதிரைத்திறனும் அங்கே காசு. அதைவிட முக்கியம், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே எஞ்சினை அணைத்துவிட்டு பம்பையும் ஃபேனையும் மட்டும் பேட்டரியில் ஓடவிட்டு, அடுத்த ஓட்டத்துக்குள் எஞ்சினைக் குளிரவைக்கலாம். டர்போ வண்டியை ரேஸ் டிராக்கில் விரட்டுகிறவருக்கும் இது உதவும். எஞ்சினை அணைத்ததும் செந்தணலாக இருக்கும் டர்போவைச் சுற்றி நீர் அசையாமல் நின்று கொதிப்பதை, அணைத்த பிறகும் சில நிமிடம் ஓடும் பம்ப் தடுக்கும். ஆனால் அதற்கு முழு பம்பையும் மாற்ற வேண்டியதில்லை. பல டர்போ கார்களில் பெல்ட் பம்ப் தன் வேலையைச் செய்ய, டர்போவுக்கென்று ஒரு சின்ன மின்சார பம்பை மட்டும் கம்பெனியே கூடுதலாக வைத்திருக்கிறது. செலவு குறைந்த, புத்திசாலித்தனமான வழி.

வேறு எஞ்சினைத் தூக்கி வேறு வண்டியில் வைக்கும்போது பெல்ட் பம்ப் சேஸிஸில் இடிக்கும் சந்தர்ப்பம் உண்டு. அங்கேயும் மின்சார பம்ப் கை கொடுக்கும். அது ஹோஸின் நடுவே எங்கு வேண்டுமானாலும் உட்காரும்.

சாதாரண வண்டியில் மாற்றினால் என்னென்ன ஆகும் என்று பட்டறையில் நின்று பார்த்தால்தான் தெரியும். இன்றைய கார்களில் ஒரே நீள பெல்ட் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏசி மூன்றையும் சுற்றுகிறது. பம்பைக் கழற்றிவிட்டால் பெல்ட் போகும் பாதையே மாறும். வேறு நீளத்தில் பெல்ட் தேட வேண்டும். அதனால் பலரும் பழைய பம்பின் உடம்பை அப்படியே விட்டு, உள்ளே இருக்கும் இம்பெல்லரை மட்டும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் பழைய சீலும் பேரிங்கும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தேய்ந்து ஒழுகவும் செய்யும். சில எஞ்சின்களில் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். அங்கே கை வைப்பது எஞ்சினின் உயிரோடு விளையாடுவது. புதிய பம்ப் ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் உட்காரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அதன் வேலையை கண்ட்ரோலரிடம் கொடுக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பம்பை விட்டு விட்டு ஓடவிட்டு, சூடு ஏற ஏற வேகம் கூட்டும் கண்ட்ரோலர் அது.

நம்மூர்ப் பட்டறைகளில் எந்தப் புது பம்பும் இல்லாமலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?’ என்பார்கள். எஞ்சின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடும்; கம்ப்யூட்டரும் அது குளிர்ந்திருப்பதாக நினைத்து பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். கண்ட்ரோலர் இல்லாமல் மின்சார பம்பை நேராக ஸ்விட்ச்சில் மாட்டுகிறவரும் அதே நஷ்டத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்.

கெட்டுப்போகும் விதத்திலும் இரண்டும் வேறு வேறு. பெல்ட் பம்பின் உடம்பில், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேயத் தொடங்கியதும் அதன் வழியே கூலன்ட் கசியும். காய்ந்த பச்சையோ சிவப்போ கறையாகப் படிந்திருக்கும். புல்லியைக் கையால் ஆட்டினால் ஆட்டம் தெரியும், பேரிங் கிறீச்சிடும். சர்வீஸுக்கு வரும்போது மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவார். மின்சார பம்புக்கு இந்த நாகரிகம் குறைவு. மோட்டாரோ அதன் மின் சுற்றோ போனால், போன நிமிடம்தான் தெரியும். டாஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், அடுத்த சில நிமிடங்களில் எஞ்சினை அணைக்காவிட்டால் ஹெட் கேஸ்கட் போய்விடும். வயரிங்கும் புதுக் கவலை. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ 7,20,796 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2012 முதல் 2018 வரையிலான மாடல்கள் அவை. வாட்டர் பம்பின் மின் இணைப்பு சரியாக மூடப்படாததால், எஞ்சினின் காற்றுக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் உள்ளே புகுந்து ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. பெல்ட் பம்புக்கு இப்படி ஒரு நோய் வரவே வராது.

அதே பிஎம்டபிள்யூ கார்களில் கூலன்ட் மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றும் முறையைப் பார்த்தால், மின்சார பம்பின் சமர்த்தையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி தரையோடு மிதித்தால், பம்ப் தானாகப் பன்னிரண்டு நிமிடம் ஓடி ஏர் லாக்கை எடுத்துவிடும். எஞ்சினைச் சூடாக்கி, மூடியைத் திறந்து, கொதிநீர் முகத்தில் அடிக்குமோ என்று பயந்து நிற்கும் பழைய வேலை இல்லை.

இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத திருப்பம் 2015-இல் நடந்தது. என்52-க்கும் அதன் டர்போ வாரிசுகளுக்கும் பிறகு வந்த பி58 ஆறு சிலிண்டர் எஞ்சினில் பிஎம்டபிள்யூ மீண்டும் பெல்ட் பம்புக்கே திரும்பியது. நான்கு சிலிண்டர் பி48-லும் அதேதான். பி58-இன் அடுத்த பதிப்பில், நீரை எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்பதை ஒரு சுழல் வால்வு பார்த்துக்கொண்டது. ஃபோக்ஸ்வாகன் வேறு தந்திரம் செய்தது: அதன் இஏ288 டீசல் எஞ்சினில் பம்ப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு உறை நகர்ந்து வந்து இம்பெல்லரை மூடிக்கொள்ளும், நீர் நகராது. சூடேறியதும் உறை விலகும். சீக்கிரம் சூடாகும் லாபமும் கிடைக்கிறது, ஆல்டர்னேட்டர் வழியே சுற்றி வரும் கழிவும் இல்லை. டொயோட்டாவோ மறுபக்கம், 40 சதவீத வெப்பத்திறன் என்று அது பெருமையாகச் சொல்லும் 2.5 லிட்டர் எஞ்சினில், ஹைபிரிட் அல்லாத பதிப்பிலும் மின்சார பம்ப்தான். கெட்டிக்காரப் பொறியாளர்களே இரு தரப்பாக நிற்கிறார்கள் என்றால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று ஊகிக்கலாம்.

டிராஃபிக்கில் சூடேறாது என்ற மூன்றாவது வாக்குறுதி பாக்கி. நின்றபடி ஓடும் சின்ன எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் எரிக்கும். அதில் நீருக்கு வரும் சூடு இரண்டு, இரண்டரை கிலோவாட். எஞ்சினுக்குள் போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல நிமிடத்துக்கு ஏழு லிட்டர் நீர் ஓடினால் போதும். நல்ல நிலையிலுள்ள பெல்ட் பம்ப் நின்ற இடத்திலேயே அதைவிட அதிகம் தள்ளும். சிக்னலில் முள் ஏறுகிற வண்டியில் பற்றாக்குறை நீருக்கு இருப்பது அபூர்வம், காற்றுக்குத்தான். ஃபேன் ரிலே போயிருக்கும், ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும், அல்லது ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளும் மின்சார பம்பைப் பொருத்தினாலும், அடைபட்ட ரேடியேட்டருக்குள் அதே சூடான நீர்தான் இன்னும் வேகமாகச் சுற்றிவரும்.